கல்லும் சொல்லும்

(அறுபத்து மூவர் திருவிழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



இன்று மாலை இத்திருக்கோயிலின் நான்கு மாட வீதிகளிலும் அறுபத்து மூவர் எழுந்தருளிய காட்சியைக் கண்ணாரக் கண்டோம். அம்மையப்பர் திருமுன்னர் நாயன்மார்கள் கூப்பிய கையினராய் நின்றார்கள். முடிவேந்தர் நின்றனர், மண்பாண்டம் வனைந்த குயவர் நின்றார், அழுக்கு ஆடை வெளுத்த வண்ணார் நின்றார், வலை வீசிய பரதவரும் யாழ் மீட்டிய பாணரும் நின்றனர். அரசர்க்கு ஓர் உயரம், ஆண்டிக்கு ஓர் உயரம் என்னும் வேறுபாடு அத்திருமேனிகளில் இல்லை.

வீதியில் நடந்துகொண்டிருந்தபோது கல்லூரி மாணவர் ஒருவர் அருகில் வந்தார். "ஐயா, இவர்கள் எல்லாரும் மெய்யாகவே வாழ்ந்தவர்களா? பூசலார் மனத்திலே கோயில் கட்டினார் என்கிறீர்களே, அது நடந்த செய்தியா, புனைந்த கதையா?" என்று கேட்டார். உடன் வந்த பெரியவர் ஒருவர், "சாமி காரியத்தில் இப்படியெல்லாம் கேட்கலாமா, தம்பி?" என்று கடிந்துகொண்டார். நான் அப்பெரியவரிடம், "கேட்கட்டும் ஐயா, இன்றைய சொற்பொழிவிலே விடை சொல்கிறேன்" என்றேன். அந்த மாணவர் இப்பொழுது இங்கே அமர்ந்திருக்கிறார். அப்பெரியவரும் அமர்ந்திருக்கிறார். இருவருக்கும் கடன்பட்டவனாகவே பேசத் தொடங்குகிறேன்.

கேள்வி கேட்பது பக்திக்குப் பகை அன்று. பொய்யை அஞ்ச வேண்டுமேயன்றி வினாவை அஞ்ச வேண்டியதில்லை. மெய்யை இறைவன் திருவுருவாகவே போற்றுகின்ற சமயம் நம் சமயம். ஆகவே, நம் அருள் நூல்களைப் படிக்கும்போது வரலாற்று அறிவையும் உலக அறிவையும் வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டுப் போகவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. அவற்றையும் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்லலாம்.

நம் முன்னோர் நமக்கு இரண்டு சாட்சிகளை விட்டுச் சென்றிருக்கிறார்கள். ஒன்று கல், மற்றொன்று சொல். கோயிற்சுவரில் வெட்டிய எழுத்து ஒன்று. திருமுறையாய் நாவில் நின்ற பாட்டு ஒன்று. இவ்விரு சாட்சிகளும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்கி நிற்கின்றன என்பதைச் சில சான்றுகளால் காண்போம்.

சம்பந்தப் பெருமான் காலம்

திருஞானசம்பந்தர் எந்த நூற்றாண்டினர்? 19ஆம் நூற்றாண்டில் இவ்வினாவிற்கு வியப்பான விடை ஒன்று சொல்லப்பட்டது. சொன்னவர் சிறியவர் அல்லர். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டுத் தமிழுக்குப் பெருந்தொண்டு புரிந்த கால்டுவெல் பெருமகனார். அவர் சம்பந்தரை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொண்டுபோய் வைத்தார்.

காரணம் என்ன? சம்பந்தர் வெப்புநோய் தீர்த்தருளிய பாண்டியனுக்குச் சுந்தரபாண்டியன் என்றும் ஒரு பெயர் வழங்கி வந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ பாண்டி நாட்டுக் கடற்கரைக்கு வந்தார். அங்கே ஆண்ட மன்னன் ஒருவனைச் சுந்தரபாண்டி என்று அவர் குறித்து வைத்தார். இரு பெயரும் ஒன்றாக இருக்கவே, இரு மன்னரும் ஒருவரே என்று கால்டுவெல் கருதினார். பெயர் ஒற்றுமை ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓர் இலக்கியத்தையே ஏறத்தாழ 600 ஆண்டு கீழே இறக்கிவிட்ட கதை இது.

இதனை மறுத்தவர் திருவனந்தபுரம் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய சுந்தரம் பிள்ளை அவர்கள். மனோன்மணீயம் நாடகத்தை இயற்றிய அதே பெருமகனார்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே, சம்பந்தர் காலத்தைத் தனியே ஆராய்ந்து ஆங்கிலத்தில் நூல் எழுதினார். கால்டுவெல்லிடம் அவர் சினம் கொள்ளவில்லை. நம் சமயத்தைப் பழித்தார் என்று கூக்குரலிடவும் இல்லை. சான்றுகளை வரிசைப்படுத்தி, அக்கணிப்புப் பொருந்தாது என்று காட்டினார். மறுப்பு என்றால் அப்படி இருக்கவேண்டும்!

அவர் காட்டிய திசையிலே கற்களும் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கின. வேலூரை அடுத்த திருவல்லத்துத் திருக்கோயிலில் பல்லவ மன்னன் விசய நந்திவிக்கிரமவர்மனின் கல்வெட்டு ஒன்று உண்டு. அது 9ஆம் நூற்றாண்டினது. அக்கோயிலில் திருப்பதியம் பாடுவார்க்கு அளிக்கவேண்டிய நிவந்தத்தை அது குறிப்பிடுகிறது. கோயில் வழிபாட்டிலே பதிகம் பாடுவது 9ஆம் நூற்றாண்டிலேயே நிலைபெற்றுவிட்டது என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி.

தஞ்சைக் கற்கள்

திருவல்லத்திலிருந்து தஞ்சைக்கு வாருங்கள். பெருவுடையார் கோயிலை எழுப்பியவன் முதலாம் இராசராசன் என்பது இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அம்மன்னன் பெயர் நடுவிலே மறக்கப்பட்டிருந்தது. பிற்காலத்துத் தலபுராணம் கரிகாற்சோழன் கட்டியதாகக் கூறிற்று. 1886இல் அரசின் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்ற செர்மானிய அறிஞர் ஹுல்ட்சு அவர்கள் அக்கோயிற் கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்ட பிறகே கட்டியவன் பெயர் ஐயத்திற்கு இடமின்றி விளங்கிற்று. கட்டியவன் தன் பெயரைச் சுவரெங்கும் எழுதி வைத்திருந்தான்; நாம்தாம் படிக்காமல் பிரதட்சிணம் செய்துகொண்டிருந்தோம்!

அந்தச் சுவர்களிலே, அரசனது 29ஆம் ஆட்சியாண்டை, அதாவது கி.பி. 1014ஐ ஒட்டிய ஒரு செய்தி இருக்கிறது. பெருவுடையார் திருமுன்பு நாள்தோறும் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேர். அவர்களுக்கு உடுக்கை வாசிப்பவர் ஒருவர். கொட்டி மத்தளம் வாசிப்பவர் ஒருவர். ஆக 50 பேர். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். அதுவும் 'ஆடவல்லான்' என்று கூத்தப்பெருமான் திருப்பெயர் சூட்டிய மரக்காலால் அளந்து தரவேண்டும். அவர்களில் ஒருவர் இறந்துவிட்டாலோ ஊரை விட்டு நீங்கினாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அவ்விடத்திற்கு வரலாம். அவ்வுறவினர்க்குப் பாடும் தகுதி இல்லையேல் தகுதியுடைய வேறொருவரை அமர்த்தவேண்டும். எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! உரிமையையும் காத்தான், பாட்டின் தரத்தையும் காத்தான்.

இன்னும் ஒன்று. அக்கோயிலின் ஸ்ரீகாரியம் பார்த்த அதிகாரி ஆதித்தன் சூரியன் என்பவர், தென்னவன் மூவேந்த வேளான் என்னும் பட்டம் பெற்றவர். அவர் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளைக் கல்வெட்டுகள் பட்டியலிடுகின்றன. திருநாவுக்கரசர், திருஞானசம்பந்தர், நம்பியாரூரர், நங்கை பரவையார் ஆகியோர் திருமேனிகள் அங்கே உள்ளன. சிறுத்தொண்டரும் அவர் துணைவியார் திருவெண்காட்டு நங்கையும் அவர்தம் மகன் சீராளரும் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளனர்.

அன்பர்களே! சேக்கிழார் பெருமான் பெரியபுராணம் அருளியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில்; அதாவது 12ஆம் நூற்றாண்டில். தஞ்சையில் இத்திருமேனிகள் எழுந்தருளியது அதற்கு நூற்றாண்டுக்கும் மேலாக முன்னர். 13ஆம் நூற்றாண்டில்தான் சம்பந்தர் பிறந்தார் என்றால், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருக்குத் திருமேனி எடுத்தது எங்ஙனம்? பெரியபுராணத்துக் கதைகள் சேக்கிழாரே புனைந்தவை என்றால், அவர் பிறப்பதற்கு முன்னரே திருவெண்காட்டு நங்கையும் சீராளரும் தஞ்சைக்கு வந்தது எங்ஙனம்? ஓர் அமைச்சர் தாமாகக் கற்பித்தவை அல்ல அவை. நாடு வழிவழியாகப் போற்றி வைத்திருந்த செல்வத்தையே அவர் தொகுத்தும் விரித்தும் பாடினார் என்பதற்குத் தஞ்சைக் கற்கள் சான்று.

பெயர் ஒன்று சொல்லும் செய்தி

பல்லவ வேந்தன் ஒருவன் புறச்சமயம் சார்ந்து திருநாவுக்கரசருக்கு இன்னல் பல விளைத்தான். பின்னர் அவர் பெருமை உணர்ந்து சிவநெறி சார்ந்தான். திருவதிகையில் குணபரவீச்சரம் என்னும் கோயிலை எடுத்தான் என்பது பெரியபுராணம் தரும் செய்தி. அவ்வேந்தனின் இயற்பெயரைச் சேக்கிழார் கூறவில்லை. கோயிலின் பெயர் மட்டுமே உளது.

திருச்சிராப்பள்ளி மலைமேல் உள்ள குடைவரைக்குச் செல்லுங்கள். அங்கே முதலாம் மகேந்திரவர்மன் வெட்டுவித்த வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. குணபரன் என்னும் மன்னன் வேற்று நெறியிலிருந்து திரும்பி இலிங்க வழிபாட்டை மேற்கொண்டமை அதில் குறிப்பாக உணர்த்தப்படுகிறது. குணபரன் என்பது மகேந்திரவர்மனுடைய பட்டப்பெயர். 12ஆம் நூற்றாண்டுப் புலவர் ஒருவர் 7ஆம் நூற்றாண்டு மன்னனின் பட்டப்பெயரை எப்படி அறிந்தார்? ஊரும் கோயிலும் அப்பெயரைக் காத்து வைத்திருந்தன. புலவர் அதை உள்ளவாறே எடுத்துப் பாட்டில் வைத்தார்.

வாதாபியும் செங்காட்டங்குடியும்

சிறுத்தொண்டரின் இளமைப் பெயர் பரஞ்சோதியார். மருத்துவ நூலும் படைக்கலப் பயிற்சியும் கைவந்தவர். தம் மன்னனுக்காக வடபுலத்து வாதாபி நகரின்மேல் படை நடத்தி, அதனை அழித்து, யானைகளும் மணிகளும் நிதியும் கொணர்ந்தவர் என்று சேக்கிழார் பாடுகிறார். இங்கும் மன்னன் பெயரை அவர் சொல்லவில்லை.

வாதாபி என்பது இன்றைய கருநாடக மாநிலத்துப் பாதாமி. அதனைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசி. வட இந்தியப் பேரரசர் ஹர்ஷரையே தென்னாட்டில் நுழையவொட்டாமல் தடுத்த பெருவீரன். பல்லவ நாட்டின்மேலும் படையெடுத்து வந்தான். மகேந்திரவர்மனின் மகன் முதலாம் நரசிம்மவர்மன் அவனை வென்று, கி.பி. 642இல் வாதாபியைக் கைப்பற்றினான். காஞ்சிக்கு அருகில் கிடைத்த கூரம் செப்பேடு அவ்வெற்றியைப் புகழ்கிறது. பாதாமிப் பாறையிலே நரசிம்மவர்மனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டும் சிதைந்த நிலையில் காணப்படுகிறது. அந்நாளில் சீனத்திலிருந்து வந்த யுவான் சுவாங் என்னும் பௌத்தத் துறவியார் காஞ்சி நகரைக் கண்டு எழுதிவைத்த குறிப்பும் நமக்குக் கிடைத்திருக்கிறது.

இனி இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். திருச்செங்காட்டங்குடிப் பதிகத்திலே சம்பந்தப் பெருமான் சிறுத்தொண்டரைப் பெயர் சொல்லிப் போற்றுகிறார். சிறுத்தொண்டர் வாதாபிப் போருக்குச் சென்றவர். வாதாபி வீழ்ந்தது 642இல். ஆகவே சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டினர் என்று அறிஞர்கள் துணிந்தார்கள். பதிகத்தில் உள்ள ஒரு பெயரும், புராணத்தில் உள்ள ஓர் ஊரும், கல்லில் உள்ள ஒரு வெற்றியும் கைகோத்து நின்று நம் இலக்கிய வரலாற்றுக்கே கால்கோள் நாட்டின.

இவ்விடத்தில் ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். செப்பேடு மன்னனைப் புகழ்கிறது. படைத்தலைவன் பெயரை அது சொல்லவில்லை. பாட்டோ மன்னன் பெயரை விட்டுவிட்டுப் படைத்தலைவன் பின்னே அவன் ஊருக்குப் போகிறது. அவன் வாளைக் கீழே வைத்ததையும், அடியார்க்கு அமுதிட்டு உண்பதையே வாழ்வாகக் கொண்டதையும், தன்னைச் சிறியவனாக எண்ணி ஒழுகியதால் சிறுத்தொண்டன் என்னும் பெயர் பெற்றதையும் சொல்கிறது. செப்பேட்டிற்கு வெற்றி பெரிது. சேக்கிழாருக்கு வெற்றிக்குப் பின் அந்த வீரன் என்ன ஆனான் என்பதே பெரிது.

பூசலார் கட்டிய கோயில்

இப்பொழுது அந்த மாணவரின் கேள்விக்கே வருகிறேன்.

தொண்டை நாட்டுத் திருநின்றவூரில் பிறந்தவர் பூசலார். சிவபெருமானுக்கு ஒரு கோயில் எடுக்க விரும்பினார். பொருள் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. மனத்திலேயே பொருள் சேர்த்தார். மனத்திலேயே தச்சரை அமர்த்தினார். அடிநிலை முதல் சிகரம் வரை நாளும் இரவும் எண்ணி எண்ணிக் கட்டினார். குடமுழுக்கிற்கு நாளும் குறித்தார். அதே வேளையில் காடவர் மன்னன், அதாவது பல்லவ வேந்தன், காஞ்சியில் பெருஞ்செல்வம் செலவிட்டுக் கற்றளி ஒன்று எடுத்து, அதே நாளைக் குறித்தான். முந்தின இரவு இறைவன் மன்னன் கனவிலே தோன்றி, "நின்றவூர்ப் பூசல் கட்டிய கோயிலுக்கு நாளை நாம் செல்கின்றோம், உன் விழாவைப் பின்னொரு நாளில் வைத்துக்கொள்" என்ற கருத்துப்பட அருளினார். மன்னன் விரைந்து சென்று தேடினான். கோயிலைக் காணவில்லை, பூசலாரைக் கண்டான். தரையிலே விழுந்து வணங்கினான்.

காஞ்சிக் கயிலாசநாதர் கோயில் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. கட்டியவன் இரண்டாம் நரசிம்மவர்மன். இராசசிம்மன் என்பது அவன் சிறப்புப் பெயர். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. கருவறையின் புறத்தே அவனைப் போற்றும் வடமொழிச் சுலோகங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றின் கருத்து இது: துஷ்யந்தன் முதலிய மன்னர்கள் கிருத யுகத்திலே உருவற்ற வானொலியைக் கேட்டார்கள், அதில் வியப்பில்லை, நற்குணங்கள் விலகி நிற்கும் இக்கலியுகத்திலே இம்மன்னனும் அவ்வொலியைக் கேட்டானே, அதுவன்றோ வியப்பு!

கோயில் கட்டிய பல்லவன் ஒருவன் தெய்வக் குரலைக் கேட்டான் என்று கல் சொல்கிறது. கோயில் கட்டிய பல்லவன் ஒருவனிடம் தெய்வம் பேசிற்று என்று பாட்டும் சொல்கிறது. இவ்விரண்டும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றியவை என்று அறிஞர் பலர் கருதினர். கேட்கும்போதே மெய் சிலிர்க்கிறது.

ஆயினும், அன்பர்களே, இங்கே நான் ஓர் அடி நிற்கவேண்டும். அக்கல்வெட்டில் பூசலார் பெயர் இல்லை. திருநின்றவூரும் இல்லை. வானொலி என்ன மொழிந்தது என்பதும் இல்லை. இதனை மறைத்துவிட்டு, "பூசலார் வரலாறு கல்லிலேயே இருக்கிறது" என்று மேடையில் முழங்கிக் கைதட்டல் பெறலாம். அது பொய்யாகும். பூசலாரைப் போற்றுகின்ற நாவால் பொய் சொல்லுவது அவருக்குச் செய்யும் வழிபாடு ஆகாது. கல் இவ்வளவுதான் சொல்கிறது. எஞ்சியதைச் சொல் சொல்கிறது. இந்த எல்லையை மதிப்பதே அறிவுடைமை.

சரி, கல் ஏன் பூசலாரைச் சொல்லவில்லை? சிறிது எண்ணிப் பாருங்கள். கல்வெட்டு என்பது பெரும்பாலும் கொடுத்தவர் கணக்கு. நிலம் கொடுத்தவர், பொன் கொடுத்தவர், விளக்கு வைத்தவர் பெயர்களை அது எழுதும். அரசன் பெயர் இருக்கும்; அரசி பெயர் இருக்கும். எளியவரையும் அது அறவே மறப்பதில்லை. தஞ்சையில் ஒரு நந்தா விளக்கிற்கு 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றைப் பெற்று நாளும் ஓர் உழக்கு நெய் அளந்த இடையர்களின் பெயர்களும் கல்லில் உண்டு. ஆனால் கொடுக்கவும் இல்லாமல், கொள்ளவும் இல்லாமல், கோயிற்கணக்கில் எந்தப் பத்தியிலும் அடங்காத ஒரு மனிதன் இருந்தால் கல் அவனை எங்ஙனம் எழுதும்? பூசலாரிடம் ஒரு காசு இல்லை. ஓர் ஆடு இல்லை. ஒரு செங்கல் இல்லை. அவரிடம் இருந்தது நினைவு ஒன்றே.

கல் எழுதாமல் விட்ட அந்த மனிதரைச் சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத் தொகையிலே ஊரும் பெயரும் சொல்லி வைத்தார். நம்பியாண்டார் நம்பி திருவந்தாதியிலே அதனைச் சிறிது விரித்தார். சேக்கிழார் அதனை வரலாறாகவே பாடினார். அரசன் கோயிலுக்கு அரசன் எழுத்து சாட்சி. ஏழையின் கோயிலுக்கு அடியார்களின் நாவே சாட்சி. கொடுத்தவனைக் கல் நினைவில் வைத்தது. கொடுக்க ஒன்றும் இல்லாதவனைச் சொல் நினைவில் வைத்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தவனே நம் நாட்டு வரலாற்றை முழுமையாகப் படித்தவன் ஆவான்.

கல் மீட்ட பாட்டு

சொல் எத்தனைதான் அழியாதது என்றாலும் அதைத் தாங்கும் ஏடு அழியக்கூடியது. தில்லையிலே அடைபட்டிருந்த தேவார ஏடுகளில் பெரும்பகுதி கறையானுக்கு இரையாயிற்று என்னும் திருமுறை கண்ட வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். போன பாட்டுகள் போயின என்று நாம் பெருமூச்சு விட்டோம்.

திருவாரூர்ப் பகுதியிலே, கொரடாச்சேரிக்கு அருகில், திருவிடைவாய் என்று ஓர் ஊர் இருக்கிறது. அவ்வூர்க்குச் சம்பந்தர் பாடிய பதிகம் ஏடுகளில் கிடைக்கவில்லை. 1917ஆம் ஆண்டளவில் அக்கோயிற் கல்லிலே ஒரு பதிகம் பொறிக்கப்பட்டிருப்பது கண்டறியப்பட்டது. படித்தார்கள்; சம்பந்தர் பதிகம்! ஏடு இழந்ததைக் கல் காத்து வைத்திருந்தது. யாரோ ஒரு கல்தச்சன் என்றோ உளிகொண்டு செதுக்கிய எழுத்து பல நூற்றாண்டுகள் பேசாமல் காத்திருந்து, நம் காலத்தை ஒட்டி வாய் திறந்தது. இன்று அப்பதிகம் திருமுறைப் பதிப்புகளிலே சேர்ந்து ஓதப்படுகிறது.

அந்தக் கல்லை இடையிலே யாரேனும் பெயர்த்துப் படிக்கட்டாகப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தச் சுவரின் மேல் சுண்ணாம்பைப் பூசிப் பூசி எழுத்தை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு பதிகம் நமக்கு இல்லாமலே போயிருக்கும். போயிற்று என்பதும் தெரியாமலே போயிருக்கும்.

இதை நான் அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. திருப்பணி என்னும் நல்ல பெயராலேயே பல ஊர்களில் எழுத்துள்ள கற்கள் இடம் மாறியிருக்கின்றன; பாதி வரி ஒரு சுவரிலும் மீதி வரி தளத்திலுமாகக் கிடக்கின்றன. அழுக்கு நீக்குகிறோம் என்று மணலை விசையோடு பீய்ச்சி அடித்ததில் தேய்ந்துபோன எழுத்துகள் உண்டு. மின்கம்பி கட்ட ஆணி அடித்ததில் சிதைந்த எழுத்துகள் உண்டு. செய்தவர்கள் பகைவர்கள் அல்லர், பக்தர்கள். அறியாமையால் செய்தார்கள்.

அறிந்தவர்கள் எங்ஙனம் செய்தார்கள் என்பதற்கும் ஒரு கல்வெட்டு உண்டு. கொள்ளிடத்தின் வடகரையிலே மூவர் பாடல் பெற்ற திருமழபாடி இருக்கிறது. அக்கோயிலின் கருவறையைப் பிரித்துப் புதுக்க வேண்டும் என்று இராசராசன் ஆணையிட்டான். ஆணையிட்டபோதே, பிரிப்பதற்கு முன்னர் அங்குள்ள கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் ஏற்பாடு செய்யப்பட்டது. திருப்பணி முடிந்த பின்னர், அவன் மகன் முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரிலே மீண்டும் பொறிக்கப்பட்டன. ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன்னரே நம் முன்னோர் பின்பற்றிய திருப்பணி முறை இது! பழைய எழுத்தைக் காப்பாற்றிய பிறகே பழைய சுவரைத் தொட்டார்கள். இதைவிட நவீனமான முறையை இன்று யார் நமக்குக் கற்பிக்கவேண்டும்?

நாம் செய்யத் தக்கது

ஆகவே இத்திருவிழாவிலே உங்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கின்றேன். நாளைக் காலை வழிபாட்டிற்கு வரும்போது, ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுங்கள். அந்தச் சுற்றிலே சுவரைப் பாருங்கள். அதிட்டானத்தில், தூண்களில், வாயில் நிலைகளில் எழுத்து உள்ளதா என்று பாருங்கள். அதன்மேல் எண்ணெய்க் கையைத் துடைக்காதீர்கள். திருநீற்றையும் குங்குமத்தையும் கொட்டாதீர்கள். குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். திருப்பணி என்று பேச்சு எழுந்தால், முதல் கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து, "கல்வெட்டுகளைப் படியெடுத்தாயிற்றா?" என்று கேளுங்கள். தொல்லியல் துறையினர் கற்களில் தாள் ஒற்றி மைப்படி எடுக்கும் முறையை அறிந்தவர்கள். அவர்களை அழைத்துக் காட்டுங்கள். ஓதுவார் ஒருவர் பாடும்போது அருகில் இரண்டு சிறுவர்களையேனும் அமர்த்துங்கள். கல்லைக் காப்பதும் கோயிற்பணி. சொல்லைக் காப்பதும் கோயிற்பணி.

நிறைவாக, என் இளைய நண்பருக்கு ஒரு சொல். தம்பி, நீர் கேட்டீர்: நடந்ததா, கதையா என்று. வாதாபி வீழ்ந்தது நடந்தது. காஞ்சியில் கற்றளி எழுந்தது நடந்தது. போய்த் தொட்டுப் பார்க்கலாம். அதைக் கட்டிய மன்னன் ஏதோ ஒரு குரலைக் கேட்டதாக அவன் காலத்திலேயே எழுதினார்கள். போய்ப் படித்துப் பார்க்கலாம். பூசலார் நெஞ்சிற்குள்ளே எழுந்த கோயிலை மட்டும் எந்த ஆய்வாளரும் அளந்து காட்ட முடியாது. அதை அளக்கும் கோல் வரலாற்று நூலில் இல்லை. உம் நெஞ்சிலே இருக்கிறது. அந்தக் கோயிலைக் கட்டப் பொருள் வேண்டா. அதை நீர் கட்டத் தொடங்கும் நாளிலே, அது நடந்த செய்தியா என்னும் கேள்விக்கு விடை உமக்கே கிடைக்கும்.

அதுவரை ஐயத்தோடே வாரும். ஆனால் வாராமல் இராதீர். கேட்டுக்கொண்டே வாரும், படித்துக்கொண்டே வாரும். கடிந்துகொண்ட பெரியவர்க்கும் என் வணக்கம். அவர் போன்றோர் ஆண்டுதோறும் விடாமல் பல்லக்கின் பின்னே நடந்து வந்தமையால்தான், இந்த மாணவர் கேள்வி கேட்பதற்கு இன்றைக்கு ஒரு திருவிழா இருந்தது.

கல்லும் சொல்லும் வாழ்க. அவற்றைக் காக்கும் அன்பர்கள் நீடு வாழ்க. எல்லாம் வல்ல அம்மையப்பர் திருவருள் நம் அனைவர்க்கும் துணை நிற்பதாகுக.

திருச்சிற்றம்பலம்.